சாய்தளத்தில் ஏறிப் பார்த்தவர்

எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதை அறிவிப்புப் பலகை சொல்வதற்கு முன்பே பெயின்ட் வாசனை சொல்லிவிட்டது. நான் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டில் இருந்தேன். இராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டிய பெண்கள் கல்லூரி அது. அரசு உதவி பெறுவது, பழையது. லாரிப் புகையில் கறுத்துக் கிடந்த முன்சுவர் சில நாட்களிலேயே இளமஞ்சளானது. நூலகத்தில் பூட்டியே கிடந்த கண்ணாடி அலமாரிகளைத் திறந்து புத்தகங்களுக்குத் தூசு தட்டினார்கள்.

புதிதாக ஒரு கணினிப் பட்டப்படிப்பு தொடங்க நிர்வாகம் அனுமதி கேட்டிருந்தது. அனுமதி கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்தும் அரசின் உயர்கல்வித் துறையிலிருந்தும் ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். கட்டடம், ஆய்வுக்கூடம், ஆசிரியர்கள், நூலகம், கழிப்பறை எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று எழுதிக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் இத்தனை அமர்க்களம். அந்த அமர்க்களத்தில் எனக்காகவும் ஒன்று கட்டினார்கள்.

எனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து எழுந்தபோது கால்கள் இரண்டும் வலுவிழந்திருந்தன. தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும், ஆனால் நிற்க முடியாது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் எங்கள் வீடு. கீழ்த்தளத்து வீடு கிடைத்ததால் பிழைத்தேன். நைனா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்தார். அம்மா புளியந்தோப்பில் பை தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் காலையில் நைனா என்னை அள்ளித் தூக்கி, தன் சிநேகிதரின் ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டிவிட்டு வேலைக்குப் போவார். மூலக்கொத்தளம் வழியாகக் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்வேன். அங்கே என் தோழிகள் இரண்டு பேர் காத்திருப்பார்கள்.

வணிகவியல் வகுப்புகள் இரண்டாவது மாடியில் இருந்தன. லிஃப்ட் கிடையாது. தோழிகளில் ஒருத்தி கல்மண்டபத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் அப்பாவுக்குப் பங்குப் படகு இருந்தது, மீன் கூடை தூக்கிப் பழகிய கைகள் அவளுக்கு. இன்னொருத்தி யானைக்கவுனியில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்தவர் மகள். அவர்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது, வீட்டுப் பேச்சு அப்படியே அவள் நாக்கில் இருந்தது. இருவரும் கைகளைக் கோத்து ஓர் இருக்கை போல ஆக்கிக்கொள்வார்கள். நான் அதில் உட்கார்ந்து இரண்டு கழுத்துகளையும் கட்டிக்கொள்வேன். வகுப்பில் யாராவது நாற்காலியைத் தூக்கி வருவார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இடம் குறுகல் என்பதால் என் கால் சுவரில் உரசும். சில நேரம் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிடுவோம்.

அவர்கள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. மளிகைக் கடைக்காரர் மகளுக்கு ஒரு முறை முதுகு பிடித்துக்கொண்டபோதுகூட, "ஏட்டி, நீ கனமில்ல, எங்க கடையில பருப்பு மூட்டதான் கனம்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்த அன்புக்கு நடுவில் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருந்தது. கல்லூரிக் கழிப்பறை வாசலில் இரண்டு படிகள். கதவு என் நாற்காலி நுழையாத அளவு குறுகல். உள்ளே தரையோடு பதித்த பீங்கான். மாடிக்குத் தூக்கிப் போகிறவர்களிடம் இதையும் எப்படிக் கேட்பது? கேட்டிருந்தால் செய்திருப்பார்கள் என்று இன்று தெரிகிறது. பதினெட்டு வயதில் அது தெரியாது. நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் பல் துலக்கும்போது ஒரு வாய், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலை வாயில் வைத்து உதட்டை நனைத்துவிட்டு மூடிவிடுவேன். வெயில் காலத்தில் மதியத்துக்குள் நாக்கு காய்ந்து அட்டையாகிவிடும். தலை வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பேன். "வெயிலு அதிகம்," என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

ஆய்வுக்கு முந்தைய வாரம் அலுவலகக் கட்டடத்தின் பக்கவாட்டில் செங்கல் வந்து இறங்கியது. திங்கட்கிழமை பார்த்தால் ஒரு சாய்தளம் முளைத்திருந்தது. இடம் போதாததால் அதைச் செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள். ஓரத்தில் பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி, சுவரில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை. கல்மண்டபத்துக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, சறுக்கா மரமா? இதுல உன்ன ஏத்தி வுட்டா நேரா ரோட்டாண்ட போய் லாரில மோதிக்குவ."

அன்று மாலை கல்லூரி முதல்வர் என்னை அழைத்தார். எங்கள் முதல்வர் நல்லவர். அதிகம் பேசமாட்டார், வராந்தாவில் என்னைப் பார்த்தால் நின்று, "மார்க் எப்படி வருது?" என்று கேட்பார். அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கியபடியே பேசினார்.

"இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு நீ மாடிக்குப் போக வேண்டாம். கீழே அந்த ராம்ப் பக்கத்துல இரு. ஏதாவது கேட்டாங்கன்னா, எல்லா வசதியும் இருக்குன்னு சொல்லு. சரியாம்மா?"

"சரிங்க மேடம்," என்றேன். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. எனக்குக் கல்லூரியில் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான் என்று இருந்தது.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள். மூன்றாமவர் உயர்கல்வித் துறை அதிகாரி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. தாளாளர் முன்னால் நடக்க, முதல்வர் பக்கத்தில் வர, எல்லோரும் எங்களை நோக்கி வந்தார்கள். நான் என் தோழிகளோடு சாய்தளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தேன். "மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு ராம்ப்," என்று தாளாளர் கையை நீட்டிக் காட்டினார். பேராசிரியர்கள் தலையாட்டிவிட்டு ஆய்வுக்கூடத்தின் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா மட்டும் நின்றார். சாய்தளத்தைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

"இந்த நாற்காலிய எனக்கு ஒரு பத்து நிமிஷம் தர முடியுமா? உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

என் நாற்காலியை யாரும் என்னைக் கேட்டுத் தொட்டதில்லை. பேருந்து நிறுத்தத்தில், கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், உதவி செய்கிறேன் என்று சட்டெனப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். கேட்டவர் இவர்தான். நான் தலையாட்டினேன். தோழிகள் என்னைத் தூக்கிக் காவலாளியின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா கைப்பையை முதல்வரிடம் கொடுத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். சக்கரங்களைப் பிடித்துத் தள்ளினார். தளத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. கை நழுவியது. நாற்காலி பின்பக்கமாக உருளத் தொடங்கியது. கல்மண்டபத்துக்காரி பாய்ந்து போய் முட்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

"ஐயோ மேடம்! புடிச்சேன், பயப்படாதீங்க!"

தாளாளரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவோ மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "சரி, நீங்களே தள்ளுங்க. மேல போனா என்ன இருக்குன்னு பாப்போம்," என்றார். இரண்டு தோழிகளும் சேர்ந்து தள்ளி மேலே கொண்டுபோனார்கள். மேலே ஒரு கதவு இருந்தது, பூட்டியிருந்தது. சாவி தேடி எடுத்துவர எழுத்தர் ஓடினார். கதவைத் திறந்தால் உள்பக்கம் வாசலை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ நின்றது. சாலையில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

இறங்கி வந்த அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. "இந்தப் பொண்ணோட நான் கொஞ்சம் தனியா பேசணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, தோழிகள் என்னை மறுபடி என் நாற்காலியில் உட்கார வைத்ததும் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனார். எதிரில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்துகொண்டார்.

"வகுப்பு எங்க நடக்குது?"

"ரெண்டாவது மாடி மேடம்."

"எப்படிப் போறீங்க?"

"என் தோழிங்க தூக்கினு போவாங்க. நல்லா பாத்துக்குவாங்க மேடம்."

"தெரியுது. இப்ப என்னையே காப்பாத்துனாங்களே." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "காலைல எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்புவீங்க?"

"எட்டு."

"திரும்பிப் போக?"

"நாலு ஆய்டும் மேடம்."

"நடுவுல தண்ணி எப்ப குடிப்பீங்க?"

எல்லா வசதியும் இருக்கிறது என்ற வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் இப்படி ஒரு கேள்விக்கு அந்த வாக்கியம் பதிலாகாது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "குடிக்க மாட்டேன் மேடம்," என்றேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது."

"இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லுங்க. நான் இத அறிக்கையில எழுதலாமா? உங்க பேர் வராது."

எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு தனியாக நடந்து போனார்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அம்மா பை தைக்கும் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இன்னாடி சொல்ற? ஒன்றர வருஷமாவா? என்னாண்ட சொல்லக்கூடாதா?" என்றாள். அவளுக்குக் கோபம் என் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. எழுந்து போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நின்றாள்.

சில வாரங்கள் கழித்து ஆய்வின் முடிவு வந்தது. புதிய படிப்புக்கான அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய சாய்தளமும் கழிப்பறையும் கட்டி, அப்படிப்பட்ட மாணவிகள் படிக்கும் வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, மறு ஆய்வு முடிந்த பிறகுதான் அனுமதி என்று எழுதியிருந்தார்களாம். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் சக்கர நாற்காலியில் வருகிற ஒரே பெண் நான்தான். அலுவலகத்தில் ஒருவர் என் காதுபடவே, "ஒருத்திக்காக ஒரு கோர்ஸே போச்சு," என்றார். அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. தற்காலிகமாகக் கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியை ஒருவர், புதிய படிப்பு வந்தால் தனக்கு நிலையான வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார். எப்போதும் என்னிடம் சிரித்துப் பேசுகிறவர், அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்து போனார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீ இன்னா பொய்யா சொன்ன? கீறத தானே சொன்ன?"

"ஆமா நைனா."

"அப்ப இன்னாத்துக்கு பயப்படுற? நாளிக்கி நான் வரேன். பிரின்சிபால் அம்மாவ பாத்து பேசறேன்."

தைரியமாகச் சொன்னாரே தவிர, மறுநாள் காலையில் அவர் இருந்த இருப்பைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். முதல்வர் அறைக்குள் போனதும் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார்.

"அம்மா, என் பொண்ணு சின்னப் புள்ள. எதனா தப்பா பேசி இருந்தா மன்னிச்சிக்குங்க. படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க."

முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மேசையைச் சுற்றி வந்து நைனாவுக்கு எதிரில் நின்றார்.

"நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? நான் இங்க வந்ததுலருந்து நிர்வாகத்துகிட்ட இதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இவ வகுப்ப கீழ மாத்தணும், பாத்ரூம் கட்டணும்னு. அடுத்த வருஷம் பாக்கலாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னு தள்ளிக்கிட்டே போனாங்க. கடைசில அந்த ராம்ப கட்டினாங்க. அத காட்டி இவள பேசச் சொன்னேன் பாருங்க, அதுக்கு நான்தான் உங்க பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கணும். இப்ப அரசாங்கமே எழுதிக் குடுத்துருச்சு. இனிமே என் பேச்ச யாரும் தட்ட முடியாது."

நைனா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து எழுதினால் உள்ளே இருக்கும் நல்லவர்களுக்கும் பலம் கிடைக்கும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அதுவரை ஆய்வு என்றால் பயமுறுத்துவது, குற்றம் கண்டுபிடிப்பது என்றே நினைத்திருந்தேன். எங்கள் முதல்வர் எத்தனையோ கூட்டங்களில் தனியாக உட்கார்ந்து கேட்டு வாங்க முடியாததை, ஓர் அந்நியப் பெண்மணியின் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கீழ்த்தளத்தில் சோபா போட்டு, தாளாளரின் தகப்பனார் படத்தை மாட்டி, விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் கூட்ட அறை ஒன்று இருந்தது. அந்த வாரத்திலேயே சோபாக்கள் மாடிக்குப் போயின, எங்கள் பெஞ்சுகள் கீழே வந்தன. ஏசியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். "ஒன்னால நமக்கு ஏசி கிளாசு வந்துட்டு பாரு," என்று மளிகைக் கடைக்காரர் மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். செங்குத்தான சாய்தளத்தை இடித்துவிட்டு, மரத்தைச் சுற்றி வளைத்து, நீளமாக, நடுவில் நின்று மூச்சுவிடச் சமதளம் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். விடுமுறையில் கழிப்பறையும் வந்தது. அகலக் கதவு, உட்காரும் பீங்கான், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி.

விடுமுறை முடிந்த முதல் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாட்டிலைத் திறந்து நிறுத்தாமல் குடித்தேன். சாதாரண குழாய்த் தண்ணீர், கொஞ்சம் குளோரின் வாடை. பக்கத்திலிருந்த இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அதற்கு முன்பே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கல்மண்டபத்துக்காரி அன்று என்னோடு பெரிய சண்டை போட்டிருந்தாள். "எங்களாண்ட சொல்றதுக்கு இன்னா வெட்கம்? நாங்க யாரு உனுக்கு?" என்று கேட்டு அழுதிருந்தாள். இப்போது தன் பாட்டிலையும் எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவளுக்கு ஒரு வருத்தம் இருந்ததும் எனக்குத் தெரியும். என்னைத் தூக்கவேண்டிய வேலை நின்றுபோனதில் அவள் சில நாட்கள் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தாள். நான் தனியாகக் கேன்டீனுக்குப் போய் வடை வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று, "இனிமே நாங்க எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். வடையில் பாதியைப் பிட்டு அவள் கையில் வைத்தேன். தூக்கிப் போவதற்காகச் சேர்ந்திருந்த நாங்கள், எந்தக் காரணமும் இல்லாமல் சேர்ந்திருக்கப் பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. பழகிக்கொண்டோம். இப்போதும் அவள் வீட்டில் மீன் வந்தால் எனக்குப் போன் வரும்.

மறு ஆய்வுக்கு அந்த அம்மா சொல்லாமல் வந்தார். ஐப்பசி மழை. வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் நானே அன்று சுற்றி வளைத்துத் தாமதமாகத்தான் வந்திருந்தேன். சாய்தளத்தின் அடியில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அடையாளம் தெரிந்தது.

"வாங்க வாங்க. நாற்காலி கிடைக்குமா இன்னிக்கு?" என்று சிரித்தார்.

இந்த முறை அவரே சக்கரத்தைத் தள்ளி ஏறினார். யாரும் பிடிக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் சக்கரம் வழுக்கியது. மழையில் நனைந்தால் வழுக்குகிறது, சொரசொரப்பாகப் பூசவேண்டும் என்று முதல்வரிடம் சொன்னார். பிறகு கழிப்பறைக்குள் நாற்காலியோடு போனார், கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க பாருங்க, தாழ்ப்பாள் எட்டல!"

உண்மைதான். நிற்கிறவர்கள் உயரத்தில் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். நான் போகும்போது தோழிகளில் ஒருத்தி வெளியே காவல் நிற்பாள். கழிப்பறையே வந்துவிட்ட சந்தோஷத்தில் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. தச்சரை வரவழைத்து, தாழ்ப்பாளைக் கீழே இறக்கி மாட்டும்வரை அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நானாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனேன்.

"மேடம், உங்களுக்கு ரொம்ப நன்றி மேடம்."

"எனக்கு எதுக்கும்மா? வந்து பாக்கறதுக்குத்தான எனக்குச் சம்பளம் தராங்க," என்றார். குடையை விரித்தவர் திரும்பிப் பார்த்தார். "தண்ணி நல்லா குடிங்க."

புதிய படிப்புக்கு அனுமதி வந்தது. அந்த இளம் ஆசிரியைக்கு அதில் வேலை கிடைத்தது. ஆணை கிடைத்த அன்று வகுப்புக்கு வந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தவர், என் மேசையில் இரண்டு வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்று நான் இராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வில், "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றபோது, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டேன். கூச்சப்படாமல் கேட்க முடிந்தது. அந்த அதிகாரியை நான் மொத்தம் இரண்டு நாள்தான் பார்த்திருக்கிறேன். இப்போது எந்த ஊரில் இருக்கிறார், ஓய்வு பெற்றுவிட்டாரா என்பது தெரியாது. எத்தனையோ கல்லூரிகளுக்குப் போய்வந்தவருக்கு என் முகம் நினைவிருக்கும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆய்வு என்ற பெயரில் டீ குடித்துவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஊரில் நிறையப் பேசுகிறார்கள், அதில் உண்மையும் இருக்கலாம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் என் கதையைச் சொல்லிவிடுவேன்.

பட்டமளிப்பு நாளன்று நைனாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். காலையில் வீட்டில் புத்தர் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். விழா முடிந்து, கறுப்பு அங்கியோடு நான் வெளியே வந்தபோது நைனாவைக் காணவில்லை. தேடினால், சாய்தளத்தின் மேலே நின்றுகொண்டிருந்தார். அதில் ஒரு முறை கீழே இறங்கினார், மறுபடி மேலே ஏறினார், சொரசொரப்பான தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னா நைனா பண்ற அங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லா போட்டுகீறாங்க," என்றார். பிறகு என்னை அழைத்தார். "வா, நீ ஓட்டினு வா. நான் கூட நடந்து வரேன்."

நான் சக்கரத்தைப் பிடித்து மேலே ஏறினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைத் தொடாமல் பக்கத்திலேயே நடந்து வந்தார். அம்மா கீழே நின்று பட்டச் சான்றிதழ் வெயிலில் சுருங்கிவிடுமோ என்று முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள். அப்புறம் மூன்று பேரும் கல்மண்டபத்தில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். நைனா எனக்காக ஒரு பாட்டில் குளிர்ந்த சோடாவும் சொன்னார்.